சுவரால் வெளியேறும் சூடு

விண்வெளி குளிரானதுதானே, அங்கே ஒரு லேசரைக் குளிர்விப்பதற்கு என்ன பெரிய பாடு? ரொறன்ரோவில் கலியாண மண்டபத்துச் சாப்பாட்டு மேசைகளில் என்னிடம் இதைக் கேட்காத உறவினர் குறைவு. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களும் கேட்பார்கள். விடை அவர்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. வெப்பம் போவதற்கு மூன்று வழி: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். வளி இல்லாத இடத்தில் மேற்காவுகை இல்லை. செய்மதியைச் சுற்றி எதுவும் தொட்டுக்கொண்டு இல்லாததால் அதைவிட்டு வெளியே போகக் கடத்தலும் இல்லை. மிச்சம் கதிர்வீசல் ஒன்றுதான். 20 பாகை செல்சியஸில் இருக்கும் ஒரு சதுர மீற்றர் கரும்பரப்பு, தன்னிடமிருந்து ஏறத்தாழ 420 வாற்றைத்தான் கதிர்வீசித் தள்ளும். அதற்கு மேல் ஒரு வாற்றுக் கூடப் போகாது. சூரியனைப் பார்த்துவிட்டால் அதே பரப்பின் மேல் 1361 வாற்று வந்து விழும். குளிரான இடம் என்ற பெயரோடு, சூட்டை வெளியே விடுவதற்கு மிகக் கஞ்சத்தனமான இடம் அது.

நான் செய்த வேலை காபனீரொட்சைட்டு லேசர்களை வடிவமைப்பது. யாழ்ப்பாணத் தீவகத்தின் சுருவிலில் பிறந்து, இடப்பெயர்வுகளோடு பள்ளிக்கூடங்கள் மாறி, கனடா வந்து, வெற்றிடக் குழாய்களும் உயர்மீடிறன் மின்சுற்றுகளும் கட்டும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முதலில் செய்தவை துணி வெட்டவும் மரத்தில் எழுத்துப் பொறிக்கவும் போகும் லேசர்கள். பிறகு, செய்மதியில் வைக்கத்தக்க ஒரு மாதிரியைச் செய்து தரைப் பரிசோதனைகளில் தேற்றிக் காட்டும் சிறு குழுவில் என்னைப் போட்டார்கள். அந்த லேசர் பறக்கவில்லை. பறக்க வேண்டும் என்று கட்டப்பட்டதுமல்ல. ஆனால் லேசர் என்பது என்னவென்று நான் ஒழுங்காகப் படித்தது அந்தக் காலத்தில்தான். ஊர் மலருக்குத் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னதால் அதையே எழுதுகிறேன்.

முதல் வாயு லேசர், ஈலியமும் நியோனும் கலந்தது, 1960 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் அலி ஜவானின் குழுவில் ஒளிர்ந்தது. அதே ஆய்வுகூடத்தில் 1964இல் காபனீரொட்சைட்டு லேசரைக் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்துப் போனவர். இன்றும் உலகத்தில் உருக்கும் பிளாஸ்திக்கும் வெட்டும் லேசர்களில் கணிசமானவை அவருடைய வாயுக் கலவையின் வழித்தோன்றல்களே. கலவை மூன்று வாயு: காபனீரொட்சைட்டு, நைதரசன், ஈலியம். மின்னிறக்கத்தில் முதலில் அதிரத் தொடங்குவது நைதரசன். அதன் அதிர்வுச் சக்தியும் காபனீரொட்சைட்டின் மேல்நிலைச் சக்தியும் ஏறக்குறைய ஒரே அளவு. மோதலில் ஒன்று மற்றதுக்குச் சிந்தாமல் கொடுத்துவிடும். காபனீரொட்சைட்டு அந்த மேல்நிலையிலிருந்து இறங்கும்போது 10 மைக்ரோமீற்றர் அளவான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தருகிறது.

ஈலியத்தின் வேலையைத்தான் ஆட்கள் மறந்துவிடுவார்கள். கலவையில் பெரும்பங்கு அதுதான். ஒளிக்கு நேராக எதையும் கொடுக்காது. ஒளியைக் கொடுத்து முடித்த மூலக்கூறு கீழே ஒரு வளைவதிர்வு நிலையில் போய்த் தங்கி நிற்கும். அங்கிருந்து அதைத் தட்டி அடிமட்டத்துக்கு அனுப்புவதும், வாயுவின் நடுவில் சேரும் வெப்பத்தைச் சுவர்வரை சுமந்து போவதும் ஈலியம். அதன் வெப்பக் கடத்துதிறன் வளியைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. வாயு சூடேறினால் என்ன நடக்கும்? அந்த வளைவதிர்வு நிலை சூட்டாலேயே நிரம்பத் தொடங்கும். 300 கெல்வினில், அடிமட்டத்தில் நூறு மூலக்கூறு இருந்தால் அந்த நிலைக்கு எட்டு என்ற விகிதம். 500 கெல்வினில் அது முப்பதுக்குக் கிட்டப் போய்விடும். கீழே இடம் நிரம்பிவிட்டால் மேலே இருப்பவை இறங்க வழியில்லை. அதற்குப் பிறகு எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் ஒளி கூடாது, குறையும்.

ஐயா ரொறன்ரோவுக்கு வந்து நின்றபோது இதை விளங்கப்படுத்தப் பார்த்தேன். சுருவிலில் புகையிலைத் தோட்டம் செய்த மனிசன். விசிறியில்லை, தண்ணீர்க் குழாயில்லை என்று கேட்டவுடன் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அப்ப சூடு எங்கை போகும் தம்பி?"

"சுவராலை போகும் ஐயா. சுவர் தாற அளவுக்குத்தான் நாங்கள் மின்சாரம் குடுக்கலாம். கூடக் குடுத்தா லேசர் நிண்டுபோம்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை கிணறு மாதிரி. துலாவாலை பொறுத்து இறைச்சா நல்ல தண்ணி. மெசினைப் போட்டு இழுத்தா உவர்."

அதைவிடச் சரியாக நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தீவுகளின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் மெல்லிய வில்லையாகக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. அது ஊறும் வேகத்துக்குள் எடுத்தால் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். வேகத்தைக் கூட்டினால் அடியிலிருக்கும் உப்புநீர் மேலே ஏறிவரும். விசிறியும் பம்பும் இல்லாத லேசரில் பொறியியலாளனுடைய கையில் இருப்பது இந்த ஊறும் வேகம் ஒன்றுதான்: வாயுவின் நடுவிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அடித்தட்டுக்கு, அடித்தட்டிலிருந்து கதிர்வீசும் பரப்புக்கு. வழியில் எந்த இடம் மிக ஒடுக்கமோ, அந்த இடம்தான் முழு லேசரின் வலுவையும் தீர்மானிக்கும்.

முதல் கட்டத்துக்கு விடை ஒடுக்கமான குழாய். சூடான மூலக்கூறு சுவரைப் போய்த் தொட எடுக்கும் நேரம் குழாய் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். விட்டத்தைப் பாதியாக்கினால் நேரம் நாலில் ஒன்று. அதனால் விண்வெளிக்கு வடிவமைப்பவர்கள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமான துவாரத்துக்குள் மின்னிறக்கத்தை அடைத்துவிடுவார்கள். அந்த அளவுத் துவாரத்தில் ஒளி நேர்கோட்டில் சுதந்திரமாகப் போகாது. சுவரே அதை வழிநடத்தும். அலைவழி லேசர் என்று இதைச் சொல்வோம். துவாரம் ஒடுங்கினால் வாயு அமுக்கத்தையும் கூட்டலாம், வளிமண்டல அமுக்கத்தின் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்.

மின்னிறக்கத்தை இரண்டு முனையிலும் உலோகத்தை வைத்து உயர் அழுத்தத்தில் ஏற்படுத்துவது பழைய முறை. அயன்கள் போய் மோதி உலோகத்தை அரிக்கும், அரித்த தூள் ஆடியில் படியும், வாயுவின் சேர்க்கை கெடும். பத்து ஆண்டு கவனிக்க ஆளில்லாமல் ஓட வேண்டிய பொருளுக்கு அது சரிவராது. அதனால் துவாரத்துக்குக் குறுக்காக, பத்துக்கணக்கான மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையைக் கொடுத்து வாயுவை ஒளிரவைக்கிறோம். அழுத்தம் கிலோவோல்ற்றிலிருந்து சில நூறு வோல்ற்றுக்கு இறங்கிவிடும். வெற்றிடத்துக்குள் இருக்கும் கருவியில் அது சின்ன விசயமல்ல. ராக்கெட் மேலேறும்போது வளியமுக்கம் இறங்கி, மின்பொறி மிக இலகுவாகப் பாயும் ஒரு வரம்பைக் கடக்கும். அந்த நிமிடங்களில் கிலோவோல்ற்று உள்ள எதையும் இயக்க மாட்டார்கள். சுற்றுப்பாதைக்குப் போனபின்னரும், பெட்டிக்குள் பிளாஸ்திக்கும் வயர் உறையும் வெளிவிடும் ஆவி போய் முடியும்வரை பொறுமை வேண்டும்.

சுவர் எதால் இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவில் பலமுறை சண்டையாகிய விசயம். பெரிலியம் ஒட்சைட்டு மட்பாண்டத்தின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியம் ஒட்சைட்டைவிட எட்டு மடங்குக்குக் குறையாது. உலோகத்தைப்போல் சூட்டைக் கடத்தி, கண்ணாடியைப்போல் மின்சாரத்தைத் தடுக்கும் அபூர்வமான பொருள். ஆனால் அதன் தூளைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். உடைந்தால், அறுத்தால், தேய்த்தால் ஆபத்து. தொழிலாளியின் நெஞ்சைக் கெடுத்து எடுக்கும் சில பாகை எனக்குத் தேவையில்லை என்பது என் வாதம். அலுமினியம் ஒட்சைட்டையே எடுத்து, சுவரை மெல்லிதாக்கி, நீளத்தைக் கூட்டினோம். கனதி கொஞ்சம் கூடியது. அந்த முடிவைப் பற்றி இன்றும் எனக்கு வேறு நினைப்பில்லை.

இனி வருவது ஒட்டு. மட்பாண்டச் சுவருக்கும் அலுமினியத் தட்டுக்கும் நடுவில், தட்டுக்கும் கதிர்வீசும் பரப்புக்கும் நடுவில், போல்ற் போட்டு இறுக்கிய இடங்கள். எவ்வளவு மினுக்கிய இரண்டு உலோக முகங்களும் உண்மையில் தொடுவது அங்கொன்றும் இங்கொன்றுமான மேடுகளில்தான். தரையில் இது பிரச்சினையாகத் தெரியாது. இடைவெளியெல்லாம் வளி நிரம்பியிருக்கும். அந்த மெல்லிய வளிப்படலமும் வெப்பத்தைக் கடத்திவிடும். மேசைமேல் வைத்து அளந்தால் எல்லாம் அழகாக இருக்கும். அதே பெட்டியை வெற்றிட அறைக்குள் வைத்து வளியை இழுத்துப் பாருங்கள்: ஒரு மணித்தியாலத்துக்குள் லேசரின் வெப்பநிலை மெல்ல மெல்ல ஏறும். யாரும் எதையும் மாற்றவில்லை. போனது வளி மட்டும். வெப்பப் பசை பூசலாமே என்று கம்பியூட்டர் திருத்தும் பெடியன்கள் கேட்பார்கள். விண்வெளியில் பசை ஊர்ந்து போகும், ஆவியாகிப் போய் ஆடியில் படியும். அதனால் இண்டியத்தின் மெல்லிய தகட்டை நடுவில் வைத்து நசுக்குவோம். நகத்தால் கீறக்கூடிய மெதுவான உலோகம் அது; பள்ளங்களுக்குள் பிதுங்கிப்போய் நிரம்பிக்கொள்ளும். போல்ற்றுகளை நெருக்கமாகப் போட்டு, ஒவ்வொன்றையும் அளந்த முறுக்கு விசையில் இறுக்கி, தலையில் நிறக்கோடு இழுப்போம். பிறகு யாராவது தொட்டிருந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

தரை செய்யும் இன்னொரு பொய்யும் உண்டு. வெப்பத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோக வெப்பக்குழாய் வைப்பார்கள். உள்ளே இருக்கும் திரவம் சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனைக்குப் போய் ஒடுங்கி, திரியின் மயிர்த்துளைக் கவர்ச்சியால் திரும்பி வரும். எந்த மோட்டரும் இல்லை. ஆனால் புவியீர்ப்பில், சூடான முனை கொஞ்சம் உயரமாக இருந்தாலும் திரவம் திரும்பி ஏறாது. தரையில் சோதிக்கும்போது குழாய் மட்டமாகக் கிடக்க வேண்டும். மட்டப்பலகை வைத்துப் பார்த்துத்தான் அறையை மூடுவோம்.

கதிர்வீசும் பரப்புக்கு வருவோம். அதை வெள்ளையாகவோ வெள்ளி பூசிய மெல்லிய படலத்தாலோ மூடுவார்கள். சூரிய ஒளியை விழுங்காமல் திருப்பிவிட வேண்டும், அதே நேரம் தன் அகச்சிவப்பைத் தாராளமாக விட வேண்டும். 120 வாற்று வெப்பத்துக்கு, 20 பாகையில், குளிர்ந்த வானத்தை மட்டும் பார்க்கும் நல்ல பரப்பு ஒரு சதுர மீற்றரின் மூன்றில் ஒன்று வேண்டும். வெப்பநிலையை 40 பாகைக்கு ஏற்றினால் அதே பரப்பு 30 சதவீதம் கூடத் தள்ளும். கதிர்வீசல், கெல்வினில் அளந்த வெப்பநிலையின் நாலாம் அடுக்கோடு போவதால். ஆனால் லேசர் தன் குழாய் குளிர்ந்திருக்க விரும்புகிறது. இடம் கேட்கும் எங்களுக்கும் இடம் தராத செய்மதிக்காரருக்கும் நடக்கும் பேரம் எல்லாம் இந்த இரண்டு எண்களுக்குள்தான்.

அதுமட்டுமென்றால் பரவாயில்லை. 700 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதி பூமியை ஒருமுறை சுற்ற 99 நிமிடம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிழல். ஒவ்வொரு சுற்றிலும் சூடு, குளிர், சூடு, குளிர். 40 சென்ரிமீற்றர் நீள அலுமினியம் ஒரு பாகைக்கு 9 மைக்ரோமீற்றருக்கு மேல் நீளும். லேசரின் இரண்டு ஆடிகளுக்கும் நடுவிலுள்ள தூரம் அரை அலைநீளம், அதாவது 5 மைக்ரோமீற்றர், மாறினாலே ஒளி தன் மீடிறன் ஒழுங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். ஒரு பாகைக்குள் கிட்டத்தட்ட இரண்டு சுற்று! தொழிற்சாலையில் மரம் எரிக்கும் லேசருக்கு இது ஒரு பொருட்டேயல்ல. அளவீட்டுக்குப் போகும் லேசருக்கு இதுதான் உயிர். இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலப்புலோகக் கோல்களில் ஆடிகளைப் பொருத்தினால் விரிவு இருபதில் ஒன்றாகும். மிச்சத்தை, மின்னழுத்தம் கொடுத்தால் மைக்ரோமீற்றர் கணக்கில் நீளும் பீசோ வளையத்தில் ஆடியை ஏற்றி ஈடுசெய்வோம். ஆனால் மட்பாண்டமும் அலுமினியமும் ஒன்றையொன்று இழுப்பதை இன்வாரால் தடுக்க முடியாது. அதே 40 சென்ரிமீற்றரில், 40 பாகை மாற்றத்துக்கு, இரண்டுக்குமிடையில் கால் மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம். இறுக்கிப் பிடித்தால் மட்பாண்டம் வெடிக்கும். தளரவிட்டால் வெப்பம் போகாது, ஏவும்போது அதிர்விலும் ஆடும். ஒரு முனையை இறுக்கி, மற்ற முனையை வளையும் தகடுகளில் விடுவது வழக்கமான விடை. எழுத ஒரு வரி. சரியாக வளைய வைக்க ஒரு கோடைகாலம்.

அதிர்வுச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20 தொடக்கம் 2000 ஹேர்ட்ஸ் வரை, சராசரியாகப் புவியீர்ப்பின் 14 மடங்கு. மேசை ஒரு நிமிடம்தான் குலுக்கும். குலுக்கி முடித்து, ஆடி தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. திருகாணிகளால் நிறுத்தி வைக்கும் ஆடி எப்போதும் நகரும். ஒருமுறை சரிப்படுத்தி உலோகத்தோடு உலோகமாகப் பூட்டிவிடும் ஆடிதான் நிற்கும்.

இந்தத் தொழிலின் முரண் வாயுவில் இருக்கிறது. சூட்டுக்கு வழிவிட வேண்டும், வாயுவுக்கு விடக்கூடாது. இரண்டுக்கும் இருப்பது ஒரே சுவர். அதிலும் ஈலியம் எல்லா வாயுவிலும் நழுவல்காரன். கண்ணாடிக்கு ஊடாகக்கூட மெல்லக் கசிந்துவிடும். கணக்கைப் பாருங்கள். அரை லீற்றர் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அமுக்கத்தில் வாயு. ஒரு செக்கனுக்கு, வளிமண்டல அமுக்கத்தில் அளந்த ஒரு கன சென்ரிமீற்றரின் பத்துக்கோடியில் ஒரு பங்கு கசிந்தால், ஓர் ஆண்டில் நூற்றுக்கு 0.6 போகும். தாங்கலாம். பத்து மடங்கு கசிந்தால் ஐந்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். ரப்பர் வளையமும் எபொக்சியும் இதற்கு ஆகா. உலோக வளையத்தை நசுக்கி அடைப்போம், இல்லையென்றால் பற்றுவைத்து உருக்கி ஒட்டுவோம்.

மேலே போனபிறகு வாயு வெளியே போவதுதான் பயம் என்று நினைப்பார்கள். எனக்கு அதைவிடப் பயம் போகுமுன். செய்மதி தாமதமாகும், ராக்கெட் தாமதமாகும். கட்டி முடித்த லேசர் ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் இருக்கும். அப்போது வெளியே இருப்பது முழு வளிமண்டலம், உள்ளே பத்தில் ஒரு பங்கு. கசிவு இருந்தால் ஈரவளி உள்ளே போகும். நீராவி துளி அளவு போனாலும் மின்னிறக்கம் கெட்டுவிடும். கடற்காற்று இரும்பைத் தின்னும் ஊரில் வளர்ந்தவனுக்கு இதை யாரும் இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை. உலர்ந்த நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, மாதமொருமுறை இயக்கிப் பார்த்து எழுதி வைப்போம்.

கசிவே இல்லாவிட்டாலும் வாயு மாறும். மின்னிறக்கம் காபனீரொட்சைட்டைக் காபனோரொட்சைட்டாகவும் ஒட்சிசனாகவும் உடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் திரும்பச் சேர்க்க ஊக்கி வேண்டும். நாசாவின் லாங்லி ஆய்வு நிலையத்தில் பிளாற்றினமும் வெள்ளீய ஒட்சைட்டும் சேர்ந்த ஊக்கியை இதற்காகவே உருவாக்கினார்கள். விண்வெளியிலிருந்து காற்றின் வேகத்தை அளக்கும் லாஸ் என்ற திட்டத்துக்குக் காபனீரொட்சைட்டு லேசரைத்தான் அப்போது எண்ணியிருந்தார்கள். அதில் ஒட்சிசன்-18 சமதானி கொண்ட வாயு தேவைப்பட்டது. ஊக்கியிலுள்ள சாதாரண ஒட்சிசன் வாயுவோடு இடம்மாறி அதைக் கெடுக்கும் என்பதால் ஊக்கியையே அதே சமதானியால் தயாரிக்க வேண்டியிருந்தது. இவ்வளவும் செய்த பிறகு 1990களில் திட்டமே கைவிடப்பட்டது. கடைசியில் காற்றை அளக்க 2018 ஓகஸ்டில் போன ஐரோப்பிய ஏயோலஸ் செய்மதியில் இருந்தது புறஊதா ஒளி தரும் திண்ம லேசர்.

வாயு லேசரை விண்வெளிக்கு அனுப்ப எண்ணியவர்களில் மிகப் பெரிதாக எண்ணியவர்கள் சோவியத்துக்காரர். 1987 மே 15 அன்று எனெர்கியா ராக்கெட்டில் போன, ஏறத்தாழ 80 தொன் எடையுள்ள ஸ்கிஃப்-டிஎம், காபனீரொட்சைட்டு லேசர் ஆயுதத்துக்கான முன்மாதிரி. அதற்குள் லேசர் இருக்கவில்லை. அவர்களுடைய லேசர் சூடான வாயுவை ராக்கெட்டுப்போல் வெளியே தள்ளும் வகை. தள்ளும்போது கலம் சுழலாமல் எப்படி நிறுத்துவது என்று சோதிக்கத்தான் வாயுத் தாங்கிகளோடு போனார்கள். திரும்ப வேண்டிய அளவைவிடக் கூடத் திரும்பி, தவறான திசையில் எஞ்சின் எரிந்து, பசிபிக் கடலில் விழுந்தது. விழுந்ததில் எனக்கு வருத்தமில்லை.

உண்மையில் போய், நின்று, வேலைசெய்த வாயு லேசரைச் சொல்கிறேன். 2004 யூலை 15 அன்று நாசாவின் ஓரா செய்மதி கலிபோர்னியாவிலிருந்து ஏவப்பட்டது. அதிலிருந்த நுண்ணலை விளிம்பு அளவியின் ஒரு பகுதி, வளிமண்டலத்தில் ஐதரொட்சில் என்ற மூலக்கூறைப் பார்ப்பதற்கு. படைமண்டலத்தில் ஓசோனை அழிக்கும் தாக்கங்களில் அதற்கு முக்கிய பங்குண்டு. அதன் கதிர்வீசல் 2.51 டெராஹேர்ட்ஸ் மீடிறனில் வருகிறது. அந்த மீடிறனை வாங்க, பக்கத்து மீடிறனில் ஒரு நிலையான ஒளி உள்ளேயே வேண்டும். 1990களில், அறை வெப்பநிலையில் அதைத் தரத்தக்க திண்மக் கருவி எதுவும் கிடையாது. டெராஹேர்ட்ஸ் குவாண்டம் லேசர் பிறந்ததே 2002இல். அதற்கும் கடுங்குளிர் வேண்டும். அதனால் கனெக்டிகட்டிலிருந்த டிமேரியா என்ற நிறுவனம் இரண்டு வாயு லேசரை ஒரே பெட்டிக்குள் வைத்தது. ஒன்று வானொலி அலையால் இயங்கும் காபனீரொட்சைட்டு லேசர். அதன் ஒளி, மெதனோல் ஆவி நிரப்பிய இன்னொரு குழாய்க்குள் போகும். மெதனோல் 2.52 டெராஹேர்ட்ஸில் லேசராக ஒளிரும். கசிப்பில் கலந்து ஆட்களின் கண்ணைக் குருடாக்கும் அதே மெதனோல்!

120 வாற்று மின்சாரம் கொடுத்தால் வெளியே வரும் ஒளி 30 மில்லிவாற்று அளவு. நாலாயிரத்தில் ஒன்று. மற்றதெல்லாம் சூடு. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டி, இவ்வளவு சூட்டையும் வெளியே விட்டுக்கொண்டு, தன் மீடிறனையும் விடாமல் நிற்க வேண்டும். நின்றது. 2004 ஓகஸ்ட் தொடக்கம் 2009 டிசெம்பர் வரை ஐதரொட்சிலை அளந்தது. வாழ்நாளை மிச்சம்பிடிக்க நிறுத்தி வைத்து, 2011 தொடக்கம் 2014 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் திரும்ப எழுப்பினார்கள், எழும்பியது. மேலே நான் எழுதிய ஒட்டு, கசிவு, விரிவு என்ற ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அங்கே யாரோ சில ஆண்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி இப்படி ஒன்று போகுமா என்று கேட்டால், அநேகமாகப் போகாது. திண்ம லேசர்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. 2008இல் சந்திரயான்-1இல் போய் நிலாவின் மேடு பள்ளங்களை அளந்த லேசர், பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மின்னொளியியல் ஆய்வுகூடம் செய்த கருவியிலிருந்த திண்ம லேசர்தான். ஆனால் திண்ம லேசர் செய்பவர்களும் கடத்தலாலும் கதிர்வீசலாலும் மட்டுமே சூட்டை வெளியேற்ற வேண்டும். அவர்களுடைய பெட்டியிலும் இண்டியத் தகடு இருக்கும், நிறக்கோடு போட்ட போல்ற் இருக்கும். வாயு போய்விட்டது, சூடு போகவில்லை.

தீவகத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. லேசர் என்றால் குவாண்டம் பௌதிகவியலை மட்டும் நினைக்காதேயுங்கோ. அது வேண்டும்தான். ஆனால் இந்தப் பட்டறைகளில் ஆள் கிடைக்காமல் தேடுவது வெற்றிட வேலை தெரிந்தவர்களை, கசிவு பிடிக்கத் தெரிந்தவர்களை, வெப்பப் பாய்ச்சலைத் தாளில் கணக்குப் போட்டுவிட்டு அளந்தும் பார்ப்பவர்களை. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும், தொழில்நுட்பக் கல்லூரியில் உருக்கி ஒட்டும் வேலையும் குளிரூட்டித் திருத்தமும் ஒழுங்காகப் படித்த ஒருவர் இந்தத் துறைக்கு வரலாம். என்னோடு வேலை செய்ததில் மிகக் கெட்டிக்காரரான கசிவு பிடிப்பவர் குளிர்சாதனப் பெட்டி திருத்திக்கொண்டிருந்துவிட்டு வந்தவர். படிக்க விருப்பமுள்ளவர்கள் இந்த மலரை வெளியிடுபவர்களிடம் கேளுங்கோ; என்னிடமுள்ள புத்தகங்களை ஊருக்கு அனுப்புகிறேன்.